மலைப்பாதைக்கு ‘இலகு’ என்று மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிழமைக்கு முன் உங்கள் வார இதழில் ஓமான் நாட்டு மலைப்பாதைகள் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் நல்ல வடிவு. நானும் மனைவியும் விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒவ்வொரு பாதைக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, அதற்குள் இலகு, நடுத்தரம், கடினம் என்று ஏதாவது ஒரு சொல்லை எழுதியிருந்தீர்கள். அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் 2010 முதல் 2022 வரை ஓமானில், நிஸ்வா நகரத்தில் இருந்து ஃபோர் வீல் வாகனம் ஓட்டியவன். வெளிநாட்டு விருந்தினர்களை மலைக்குக் கொண்டுபோய் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் நடந்து திரும்பும்வரை அங்கேயே காத்திருப்பதுதான் வேலை. சில பாதைகளில் நானும் கூட நடந்திருக்கிறேன். ஆனால் நடந்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகம், காத்திருந்தபடியால்தான் பாதைகளைப் பற்றி எனக்கு விளங்கியது. எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், போகும்போது எத்தனை போத்தல், வரும்போது என்ன நிலை என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். முதலில் முதலாளிக்குக் கணக்குக் காட்டத்தான் எழுதினேன். பிறகு அது எனக்கே தேவைப்பட்டது. “எவ்வளவு நேரம் எடுக்கும்?” என்று புதிதாக வருபவர்கள் கேட்டால் பலகையைப் பார்த்துச் சொல்லமாட்டேன், கொப்பியைப் பார்த்துச் சொல்வேன்.

உங்கள் கட்டுரையில் ஜெபல் ஷம்ஸ் மலையின் இரண்டு பாதைகள் இருந்தன. ஓமானில் ஆக உயர்ந்த மலை அதுதான், கிட்டத்தட்ட 3,000 மீற்றர். இலங்கையில் ஆக உயர்ந்த எங்கள் பீதுருதாலகாலையைவிட ஏறக்குறைய 500 மீற்றர் கூட. ஜெபல் என்றால் அரபியில் மலை, ஷம்ஸ் என்றால் சூரியன். நிஸ்வாவில் இருந்து அல் ஹம்ரா தாண்டி, வாதி குல் தாண்டி, கடைசியில் கொஞ்சத் தூரம், நான் ஓட்டிய காலத்தில், கிரவல் றோட்டால் ஏற வேண்டியிருந்தது. அங்கே பாதைகளுக்குப் பெயரில்லை, இலக்கம்தான். கல்லில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று கோடு கீறியிருப்பார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நடப்பது.

டபிள்யூ 6 என்பது நீங்கள் ‘இலகு’ என்று போட்ட பாதை. அல் கிதைம் என்ற சின்னக் கிராமத்தில் தொடங்கி, பெரிய பள்ளத்தாக்கின் ஓரத்தில் பால்கனி மாதிரி ஓடி, ஆட்கள் விட்டுப்போன ஒரு பழைய ஊரில் முடியும். போக நாலு கிலோமீற்றர் வராது. பெரிய ஏற்றமும் இல்லை. காலுக்கு அது இலகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கிடங்கு. அந்தக் கிடங்கு 1,000 மீற்றர் அளவு ஆழம். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிற ஒருவருக்கு அந்தப் பாதையில் முதல் அரை மணித்தியாலமே போதும். நல்ல திடகாத்திரமான மனிதர் ஒருவர், போன இருபதாவது நிமிடத்தில் பாறையைப் பிடித்தபடி திரும்பி வந்து வாகனத்துக்குள் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருடைய மனைவி முழுப் பாதையும் நடந்து சிரித்துக்கொண்டு வந்தா.

இன்னொன்று, போகும்போது அந்தப் பாதை மெல்ல இறங்குகிறது. அதனால் போவது சுகம். வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் குறைந்த பிறகு, திரும்பி வரும்போதுதான் ஏற்றம். எங்களுக்குப் பழகின மலை இதற்கு எதிர்மாறு. சிவனொளிபாத மலைக்குப் போனால் களைப்பு முதலில், இறக்கம் பிறகு. ஏலாது என்றால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்புவது இறக்கம்தானே. பள்ளத்தாக்குப் பாதை அப்படி இல்லை, இறங்கியவன் ஏறியே ஆக வேண்டும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், மேல் விளிம்பில் இருந்து அடியில் ஓடும் ஆறுவரை இறங்கி அதே நாளில் ஏறிவர முயலவேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரித்துப் பலகை வைத்திருக்கிறது. கீழே போகப்போக வெக்கையும் கூடும் என்பதால் அங்கே இரட்டைத் தண்டனை.

சரி, அடுத்தது டபிள்யூ 4. இதற்கு ‘கடினம்’ என்று போட்டிருந்தீர்கள், சரியான சொல். ஆனால் எப்படிக் கடினம் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்க வேண்டாமா? நான் விருந்தினர்களுக்குச் சொல்வதை இங்கே எங்கள் கணக்கில் சொல்கிறேன். அது தெற்குச் சிகரத்துக்கு ஏறும் பாதை, 2,997 மீற்றர். வடக்குச் சிகரத்தில் இராணுவ முகாம், அங்கே விடமாட்டார்கள். போய்வர ஏறக்குறைய 20 கிலோமீற்றர், ஏற்றம் 1,000 மீற்றருக்கு மேல். அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாத மலை உச்சிக்கு ஏறும் உயரமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் சிவனொளிபாதத்தில் படி இருக்கிறது, பிடிக்கக் கம்பி இருக்கிறது, லைற் இருக்கிறது, வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது, முன்னும் பின்னும் சனம் இருக்கிறது, இரவில் ஏறுவதால் வெயிலும் இல்லை. அவ்வளவையும் எடுத்துவிட்டு, படியின் இடத்தில் காலுக்குக் கீழே உருளுகிற கூர்க்கல்லை வையுங்கள். குடிக்கிற தண்ணீர் முழுவதையும் முதுகில் ஏற்றுங்கள். அதுதான் டபிள்யூ 4.

1892 இல் நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். இன்றைக்கும் உலகம் முழுவதும் நடக்கிறவர்கள் அதைத்தான் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் டபிள்யூ 4 க்கு ஆறு மணித்தியாலம் போதும். என்னுடைய கொப்பியில் ஆறு மணித்தியாலத்தில் வந்தவர் ஒருவரும் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்றுதான் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் குளிரில் போட்ட கணக்கு, நிழலே இல்லாத கல்லில் பொருந்தவில்லை. சுவிஸ்காரர்கள் பாதைகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள், அமெரிக்கர்கள் ஒன்று முதல் ஐந்து வரை. இரண்டும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது, கையால் பிடித்து ஏற வேண்டுமா, கயிறு வேண்டுமா என்பதைத்தான் சொல்லும். வெயிலைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் அந்த இலக்கத்துக்குள் ஒன்றும் இல்லை. வனாந்தர மலையில் ஆளை விழுத்துவது அந்த இரண்டும்தான்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து திணை படித்தோம். குறிஞ்சியும் முல்லையும் மழையில்லாமல் வெந்தால் பாலை ஆகும் என்று மனப்பாடம் செய்தோம். வன்னியில் பாலை என்றால் எங்களுக்கு மரம், நிழல், வைகாசி ஆனியில் வாயெல்லாம் ஒட்டுகிற பாலைப்பழம். நீரில்லாத வழி என்ற மற்றப் பாலையை, அல் ஹஜர் மலையில் முதல் தடவை வாகனத்தை விட்டு இறங்கியபோதுதான் கண்டேன். ஹஜர் என்றாலே கல் என்றுதான் பொருள். குறிஞ்சி வெந்துபோன பாலை அது.

இதையெல்லாம் ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு இவன் ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு மஸ்கட்டிலும் டுபாயிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை லீவு. கையில் போன். ஒருவன் மலையில் நின்று படம் போட்டால் மற்றவனும் வெளிக்கிடுவான். உங்கள் கட்டுரையும் அவர்களுக்குப் போன் வழியாகப் போயிருக்கும். எங்கள் பிள்ளைகளிடம் ஒரு எண்ணம் இருக்கிறது, வெயில் எங்களுக்குப் பழக்கம், நடை எங்களுக்குப் பழக்கம் என்று. அது பொய்யில்லை. சித்திரை வெயிலில் வயல் வேலை செய்தவர்கள். 2009 இல் சின்னப் பிள்ளைகளாக எவ்வளவு தூரம் நடந்தவர்கள் என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. ஆனால் எங்களுக்குப் பழகினது ஈரமான வெயில், தட்டையான தரை. வேர்வை சொட்டச் சொட்டத்தான் ‘களைத்துவிட்டேன், தண்ணி வேணும்’ என்று எங்கள் உடம்பு எங்களுக்குச் சொல்லும். ஜெபல் ஷம்ஸ் மாதிரி உள்நாட்டு மலையில் காற்று காய்ந்து கிடக்கும். வேர்வை வந்த உடனே பறந்துவிடும். சட்டை நனையாது. வேர்க்கவில்லை என்று நினைத்துக் குடிக்காமல் நடப்பார்கள். பின்னேரம் கழற்றிப் பார்த்தால் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு. உயரத்தில் காற்றும் குளிர்ச்சி என்பதால் வெயில் சுடுவதே தெரியாது.

கடற்கரைப் பக்கம் வேறு விதம். இதை என் சொந்த மருமகனின் கதையாகவே சொல்கிறேன்.

மஸ்கட் நகரத்துக்குள்ளேயே சி 38 என்று ஒரு பாதை இருக்கிறது. ரியாம் பூங்காவுக்குக் கிட்டத் தொடங்கி, குன்றைத் தாண்டி முத்ரா பழைய சந்தைப் பக்கம் இறங்கும். இரண்டரை கிலோமீற்றர்தான். அதற்கும் எங்கோ ‘இலகு’ என்று போட்டிருந்ததை என் தங்கையின் மகன் பார்த்திருக்கிறான். ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்கு மூன்று பெடியன்கள் வெளிக்கிட்டார்கள். ஆளுக்கு அரை லீட்டர்ப் போத்தல் ஒன்று. அன்றைக்கு நான் விருந்தினரை விமான நிலையத்தில் விட மஸ்கட் வந்திருந்தது எங்கள் நல்ல காலம். நாலு மணி இருக்கும், போன் வந்தது. “மாமா, கால் ரெண்டும் பிடிச்சு இழுக்குது, சத்தியும் எடுத்திட்டன்” என்றான். அவன் குரல் அப்படி ஒடுங்கி நான் முதல் கேட்டதில்லை.

காலமையில் இருந்து வெயில் குடித்த கல், பின்னேரம் அதைத் திருப்பிக் கக்கும். மேலே சூரியன், கீழேயும் பக்கத்திலும் அடுப்பு. கடல் ஈரத்தில் வேர்வை காயவே காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர்த்தாது. நடக்காமல் நிழல் விழும் பாறையோரமாக இருக்கச் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றி, சட்டையைத் திறந்துவிடச் சொன்னேன். முத்ரா பக்கத்தால் நான் ஏறினேன். கையில் ஐஸ் தண்ணீர், வாகனத்தில் எப்போதும் வைத்திருக்கும் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் பைக்கற், ஒரு பழைய சாரம். சாரத்தை நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் போட்டு விசிறினோம். ஜீவனியைக் கரைத்து மிடறு மிடறாகக் குடிக்கக் கொடுத்தேன். அவன் பேச்சுத் தெளிவாக இருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது, அதுதான் என் நெஞ்சைக் கொஞ்சம் ஆற்றியது. கதை குழம்பியிருந்தாலோ, மயங்கியிருந்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் 9999 க்கு அடித்திருப்பேன். ஓமானில் அவசரத்துக்கு அதுதான் இலக்கம், எல்லாப் பிள்ளைகளும் போனில் போட்டு வைக்க வேண்டும். எமிரேற்சில் பொலிஸுக்கு 999, அம்புலன்சுக்கு 998.

இருட்டுப்பட்ட பிறகுதான் அவனைக் கீழே இறக்கினோம். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளத்தில் வெட்டினார்கள். எனக்குச் சம்பளம் பெரிதாகப் படவில்லை, தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதுதான் அந்த இரவு முழுக்க மனதில் ஓடியது. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, மத்தியானம் பன்னிரண்டரையில் இருந்து மூன்றரை வரை வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். கட்டடத்துக்குச் சாரமரம் கட்டி மேலே நிற்கும் வேலையில் இருந்த மருமகன் அந்தச் சட்டத்தால் ஆறு நாள் நிழலில் இருந்துவிட்டு, ஏழாம் நாள் அதே நேரத்துக்குத் தானாகவே கல்லுக்குள் போயிருக்கிறான், ‘இலகு’ என்ற ஒரு சொல்லை நம்பி.

2021 கடைசியில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் இருந்து ஒரு வயதான அம்மா என் வாகனத்தில் வந்தா. அவர்களுடைய ஊருக்குள் கேமல்பேக் என்று ஒரு மலை, ஒட்டக முதுகு என்று பொருள். உயரம் 824 மீற்றர்தான், எக்கோ கேன்யன் பாதை ஒரு பக்கம் இரண்டு கிலோமீற்றர்கூட வராது, ஆனால் நகரசபை அதை ஆகக் கடினமான தரத்தில் வைத்திருக்கிறது. கடும் வெக்கை என்று வானிலைத் திணைக்களம் எச்சரித்தால் அந்தப் பாதையைப் பகலில் பூட்டிவிடுவார்களாம், அந்த வருடம்தான் தொடங்கினார்கள் என்றா. அப்படிப்பட்ட நாட்களில் காலமையில் இருந்து பின்னேரம் வரை பூட்டு என்று பிறகு வாசித்தேன். பாதை அதேதான், கல் அதேதான், மாசியில் நடக்க விடுகிறார்கள், ஆடியில் பூட்டுகிறார்கள். அப்படியென்றால் தரம் என்பது பாதைக்கு மட்டும் உரியது இல்லை, மாதத்துக்கும் மணிக்கும் உரியது. உங்கள் பெட்டிக்குள் மாதம் இல்லை.

வாதி ஷாப் பாதைக்கும் ‘இலகு’ என்று போட்டிருந்தீர்கள். வாதி என்றால் பெரும்பாலும் மழைக்கு மட்டும் ஓடும் ஆறு, எங்கள் காட்டாறு மாதிரி. தட்டையாகத்தான் இருக்கும், குளிக்கவும் நல்ல தண்ணீர். ஆனால் நிற்கிற இடத்தில் வானம் நீலமாக இருக்க, மலைக்குள் பெய்த மழை சுவர் மாதிரி வரும். முத்தையன்கட்டுக் குளம் வான் பாயப் போகிறது என்றால் எங்களுக்கு முதலே தெரியும், அறிவிப்பார்கள். அங்கே குளமும் இல்லை, அணைக்கட்டும் இல்லை, அறிவிக்க ஆளும் இல்லை. 2024 ஏப்ரலில் ஓமானில் வெள்ளம் பாடசாலைப் பிள்ளைகளையே அள்ளிக்கொண்டு போன செய்தியை உங்கள் பத்திரிகையிலும் போட்டிருப்பீர்கள். மழை எச்சரிக்கை உள்ள நாளில் வாதிக்குள் கால் வைக்கவே கூடாது என்ற ஒரு வரியை அந்தப் பெட்டிக்குள் போட எவ்வளவு இடம் வேண்டும்?

என்னுடைய கொப்பியில் நான் ஒரு சொல்லில் தரம் போடுவதில்லை. கால், தண்ணீர், தலை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை போடுவேன். கால் என்றால் தூரமும் ஏற்றமும், தண்ணீர் என்றால் வெயிலும் நிழலும் வழியில் குடிநீர் இருக்கிறதா என்பதும், தலை என்றால் உயரப் பயம். டபிள்யூ 6 க்கு கால் ஒன்று, தண்ணீர் இரண்டு, தலை மூன்று. டபிள்யூ 4 க்கு கால் மூன்று, தண்ணீர் மூன்று, தலை ஒன்று. சி 38 க்கு தை மாதம் காலமை என்றால் எல்லாம் ஒன்று. ஆனி மாதம் மத்தியானம் என்றால் தண்ணீருக்கு மூன்று போடுவேன், அதற்கு மேல் இலக்கம் வைத்திருந்தால் அதையும் போட்டிருப்பேன். நீங்கள் இதே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. போய்வரும் மொத்தத் தூரம், மொத்த ஏற்றம், ஏற்றம் முதலிலா கடைசியிலா, நிழல் உண்டா, எந்த மாதத்துக்கு அந்தத் தரம், போன் எடுக்குமா என்பதை இரண்டு வரியில் போட்டாலே போதும். வெயில் நாளில் மணிக்கு அரை லீட்டரில் இருந்து ஒரு லீட்டர் வரை வேண்டும், வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்புள்ள சாப்பாடும் வேண்டும், பாதித் தண்ணீர் முடிந்த இடத்தில் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நடக்கிற பிள்ளைகளைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. ஆறு நாளும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பெடியன் ஏழாம் நாள் அந்த மலையில் நின்று பார்க்க வேண்டும், கட்டாயம் பார்க்க வேண்டும். நான் பார்த்தவன்.

மருமகன் இப்போதும் மஸ்கட்டில்தான். வருகிற மார்கழியில் நாலு பேர் டபிள்யூ 4 ஏறப் போகிறார்களாம், கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். விடிய ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும், தலையில் கட்டுகிற லைற் ஆளுக்கொன்று, குறைந்தது ஐந்து லீட்டர் தண்ணீர், உச்சிக்குக் கிட்ட நின்றாலும் பதினொன்றரைக்குத் திரும்ப வேண்டும் என்று கீழே எழுதிவிட்டேன். மார்கழி இரவில் அங்கே தண்ணீர் உறையும் குளிர் என்பதால் கம்பளிச் சட்டையும் சொல்லியிருக்கிறேன். ஜீவனியைத் தங்கச்சி தபாலில் அனுப்புகிறா.

உங்கள் கட்டுரையாளருக்கு அந்தக் கொப்பியின் மற்றப் பக்கங்கள் பயன்படும் என்றால், பிரதி எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
முன்னாள் சாரதி ஒருவர்,
ஒட்டுசுட்டான்.